ஒரு வார்த்தைதானே என்கிறவர்களுக்கு

போன வாரம் அக்கா பேரன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "தாத்தா, நீங்க சொன்ன திருத்தத்தையெல்லாம் டீம்ல காட்டினேன். ஒருத்தர் சிரிச்சுட்டார்" என்றான்.

"என்னன்னு சிரிச்சார்?"

கொஞ்சம் தயங்கினான். "இதெல்லாம் பைக்‌ஷெட்டிங்னு சொல்லிட்டார் தாத்தா. ஒரு வார்த்தைதானே, அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா வேலை எப்ப முடியும்னு கேட்டார்."

அந்த மனிதருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நாள், எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற நண்பர்களில் பலர் வங்கியிலும் ரயில்வேயிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அதனால் விஷயம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் மவுஸ், பட்டன் எதுவும் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தாகத் தட்டி என்டர் அழுத்தி வேலை வாங்குகிற முறை ஒன்று உண்டு. கமாண்ட் லைன் என்பார்கள். நான் 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது அதுதான். இன்றைக்கும் பெரிய சர்வர்களை நடத்துகிறவர்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு கான்ஃபிக் ஃபைலில் வரி வரியாக எழுதி வைப்போம். ஒவ்வொரு வரியும் ஒரு ஆப்ஷன்: ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்று மேனுவலில் இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும்.

வீட்டு மிக்ஸியில் குமிழைத் தப்பாகத் திருப்பினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கறுப்புத் திரையில் சத்தமும் இல்லை, படமும் இல்லை. அந்த இரண்டு வாக்கியம்தான் கண். அதில் ஒரு வார்த்தை மங்கலாக இருந்தால், வேலை செய்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறான்.

அக்கா பேரன் நண்பர்களோடு சேர்ந்து பேக்கப் எடுக்கிற சின்னக் கருவி ஒன்று செய்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆப்ஷன்களுக்கு அவர்கள் எழுதிய விளக்கத்தை, "சும்மா ஒரு பார்வை பாருங்க தாத்தா" என்று எனக்கு அனுப்பினான். நாற்பது ஆப்ஷன். நான் பதினேழு இடத்தில் கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பினேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

முதலில் அந்தப் பைக்‌ஷெட்டிங் என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். 1957இல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு கமிட்டி, அணு உலைத் திட்டத்தை யாருக்கும் புரியாததால் சீக்கிரமாக ஒப்புக்கொண்டுவிடும். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குக் கூரை எப்படிப் போடுவது என்று மட்டும் நெடுநேரம் சண்டை போடும், ஏனென்றால் கொட்டகை எல்லோருக்கும் தெரியும் என்று கேலி செய்தார். 1999இல் பால் ஹென்னிங் காம்ப் என்ற டென்மார்க் நாட்டு நிபுணர், கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களின் சண்டைகளுக்கு அந்தக் கதையை எடுத்துச் சொன்னார். அன்றுமுதல் அது எங்கள் துறையில் ஒரு வசவாகிவிட்டது.

கேலி நியாயமான கேலிதான். நானும் எத்தனையோ மீட்டிங்கில் கொட்டகைக்குக் கூரை போட்டிருக்கிறேன். ஆனால் கொட்டகைக்கு எந்தக் கூரை போட்டாலும் சைக்கிள் நிற்கும். ஆப்ஷனுக்கு எழுதுகிற விளக்கம் அப்படிப்பட்டதா? அது அணு உலையின் வால்வுமேல் மாட்டியிருக்கும் பலகை. "இடப்பக்கம் திருப்பினால் மூடும்" என்பதா, "இடப்பக்கம் திருப்பினால் திறக்கும்" என்பதா என்று கேட்கிறவனைப் பார்த்து, ஏன் கொட்டகையைப் பற்றிப் பேசுகிறாய் என்று கேட்பது என்ன நியாயம்?

வெறும் உவமையாகப் போய்விடக் கூடாது. உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

உலகம் முழுக்க சர்வர்களுக்குள் தூரத்திலிருந்து நுழையப் பயன்படுவது ஓபன் எஸ்எஸ்ஹெச் என்ற கருவி. அதில் பெர்மிட் ரூட் லாகின் என்று ஒரு ஆப்ஷன். ரூட் என்பவர் அந்த மெஷினுக்கே முதலாளி. எதையும் செய்யலாம், எதையும் அழிக்கலாம். அவரை வெளியிலிருந்து உள்ளே விடலாமா என்பதுதான் கேள்வி. அதற்குக் கொடுக்கக்கூடிய மதிப்புகளில் ஒன்றின் பெயர் வெகுகாலம் "வித்தவுட் பாஸ்வேர்டு" என்று இருந்தது.

நம்மூரில் "வித்தவுட்" என்றால் என்ன? டிக்கெட் எடுக்காமல் ரயிலில் வருகிறவன். ஹோட்டலில் சொன்னால் சர்க்கரை போடாத காபி. எப்படிப் பார்த்தாலும், இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் வருவது. அப்படியானால் "ரூட்டை அனுமதி: வித்தவுட் பாஸ்வேர்டு" என்பதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? பாஸ்வேர்டே கேட்காமல் முதலாளியை உள்ளே விட்டுவிடு என்றுதானே?

உண்மையான அர்த்தம் நேர் எதிர். பாஸ்வேர்டு சொல்லி ரூட்டாக நுழைய முடியாது. டிஜிட்டல் சாவி போன்ற அதைவிடப் பலமான வழியில் வந்தால் மட்டும் விடு என்று அர்த்தம். பாஸ்வேர்டை ஊகித்துப் பிடிக்கலாம், சாவியை அப்படி ஊகிக்க முடியாது. ஆகவே அது கட்டுப்பாடான ஏற்பாடு. அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்துபோன ஒருவன், "ஐயோ, இதை வேண்டாம்" என்று அழித்துவிட்டு "யெஸ்" என்று போட்டால், பாஸ்வேர்டாலும் நுழையலாம் என்று கதவை அகலமாகத் திறந்துவைக்கிறான். பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தே பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறான்.

2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில் அந்தக் கருவியைச் செய்கிறவர்கள் இதைச் சரிசெய்தார்கள். "ப்ரொஹிபிட் பாஸ்வேர்டு" என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள், அதாவது பாஸ்வேர்டுக்குத் தடை. யாரும் எதுவும் எழுதாமல் விட்டால் இதுவே நடக்கும் என்றும் மாற்றினார்கள். அதற்குமுன் எழுதாமல் விட்டால் "யெஸ்". பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்களின் ஃபைல் உடைந்துபோகாமல், அதையும் செல்லும்படி விட்டுவைத்தார்கள். பெயரை மாற்றினால் எல்லாம் உடைந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

உலகத்திலேயே பாதுகாப்பு விஷயத்தில் மிகவும் கறாரானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இப்போது என் சொந்த முறையைச் சொல்கிறேன். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வேலையில் அடிபட்டு வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க வேண்டுமானால், நான் அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அது வந்துதான் ஆக வேண்டும், வரும்போது எதையாவது ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். செய்யலாமா, செய்ய வேண்டுமா, செய்யக் கூடாதா, செய்யாமலும் இருக்கலாமா, நான்கில் ஒன்று. நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

ஆங்கிலத்தில் "மே நாட்" என்று எழுதுவார்கள். அது "நடக்காமல் போகலாம்" என்றும் ஆகும், "செய்யக் கூடாது" என்றும் ஆகும். "இந்த ஃபைல் மே நாட் பி டெலீட்டட்" என்றால் என்ன? அந்த ஃபைல் அழியாமல் தங்கிவிடக்கூடும் என்கிறாரா, அதை அழிக்கக் கூடாது என்கிறாரா? ஒன்று எச்சரிக்கை, மற்றது தடை. தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரே நொடியில் எழுதியவரின் தயக்கம் வெளியே வந்துவிடும். அவருக்கே தெரியவில்லை என்பதும் சில சமயம் வெளியே வரும்.

இன்டர்நெட்டின் விதிமுறைகளை எழுதுகிறவர்களும் இந்தப் பள்ளத்தை அறிந்தவர்கள்தான். 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் வெளியிட்டார்கள். எழுதியவர் ஹார்வர்டில் இருந்த ஸ்காட் பிராட்னர். "மஸ்ட்" என்றால் செய்தே ஆக வேண்டும். "ஷுட்" என்றால் செய்வதுதான் சரி, விடுவதற்குக் காரணம் இருந்தால் விளைவைப் புரிந்துகொண்டு விடு. "மே" என்றால் உன் விருப்பம். இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பொருள் என்று கட்டிப்போட்டார்கள். "மஸ்ட் நாட்" இருக்கிறது, "ஷுட் நாட்" இருக்கிறது. "மே நாட்" அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. வார்த்தை வார்த்தையாகப் பார்ப்பது வேலையற்றவர்களின் வேலை என்றால், இன்டர்நெட்டைக் கட்டியவர்களும் வேலையற்றவர்கள்தான்.

அடுத்தது "டிஃபால்ட்". வங்கி நண்பர்களுக்கு இந்த வார்த்தை கேட்டாலே பிரஷர் ஏறும், கடன் கட்டாதவன் நினைவுக்கு வருவான். எங்கள் ஊரில் அர்த்தம் வேறு. ஹோட்டலில் "ஒரு காபி" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டே வருகிறதல்லவா, அதுதான் டிஃபால்ட். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது. சர்க்கரை நோயாளிக்கு ஹோட்டலில் தெரிய வேண்டிய முதல் விஷயம் இதுதானே? ஆனால் எத்தனை மேனுவலில் இது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அக்கா பேரன் அனுப்பிய நாற்பதில் ஒன்பதில் இல்லை. எழுதியவனுக்கு அது தெரியும். தெரிந்ததால் எழுதத் தோன்றவில்லை. வீட்டுக்காரருக்கு வாசல்படி தடுக்காது, விருந்தாளிக்குத்தான் தடுக்கும்.

ஒரே ஆப்ஷனை இரண்டு இடத்தில் எழுதிவிட்டால் எது செல்லும்? இதையும் சொல்ல வேண்டும். ஓபன் எஸ்எஸ்ஹெச்சில் பொதுவாக முதலில் வந்ததே செல்லும். கிட் என்று இன்னொரு கருவி, நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது. அதில் கடைசியில் வந்தது செல்லும். இரண்டும் அவரவர் வரையில் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒன்றில் பழகியவன் மற்றதில், எல்லா சர்வருக்கும் பொதுவானதை மேலே எழுதி, ஒரு சர்வருக்கு மட்டும் வேறு மாதிரி என்று கீழே எழுதினால், கீழே எழுதியது செல்லாமல் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. "முதலில்" என்ற ஒரு வார்த்தையை மேனுவலில் படித்திருந்தால் பிழைத்தான். அது அங்கே இருப்பதால்தான் பிழைத்தான்.

"மேனுவலில் தெளிவாகத்தான் இருக்கிறது, படிக்காதது அவன் தப்பு." இது எனக்குப் பிடிக்காத வாக்கியம். பிடிக்காததற்குக் காரணம், நானே அதை ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாத விஷயம் இது. 2003ஆம் வருஷம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்று அங்கே இருப்பவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை. கணினிப் பிரிவில் நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன். தினமும் இரவு பேக்கப் எடுக்க எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கருவி எழுதியிருந்தார்கள். நல்ல கருவி. அதற்கு அவர்களே ஒரு மேனுவலும் எழுதி, "சார் இங்கிலீஷ் நல்லா எழுதுவார்" என்று என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள்.

அதில் ஒரு ஆப்ஷன், கீப் டேஸ். பழைய பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது. விளக்கம் இவ்வளவுதான்: "நம்பர் ஆஃப் டேஸ் டு கீப் ஓல்ட் பேக்கப்ஸ். செட் டு ஜீரோ டு டிஸேபிள்." ஜீரோ என்று போட்டால் நிறுத்தலாம். எதை நிறுத்தலாம்? வைத்திருப்பதையா, அழிப்பதையா? வாக்கியத்தில் இல்லை. நான் அந்த வாக்கியத்தில் ஒரு கமாவைத் திருத்தினேன். அர்த்தத்தைப் பார்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம், ஆடிட் நடந்துகொண்டிருந்தது. ஆடிட் முடிகிறவரை பழைய பேக்கப் ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று மேனேஜர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். நைட் ஷிப்ட் ஆபரேட்டர் 24 வயதுப் பையன். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் மேனுவலை எடுத்துப் படித்தான். படித்தான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அழிப்பதை நிறுத்த ஜீரோ போட வேண்டும் என்று புரிந்துகொண்டு, அதுவரை 45 என்று இருந்ததை மாற்றி 0 என்று போட்டான். கருவி அதை வேறு மாதிரி புரிந்துகொண்டது: பழையது எதையும் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். அன்றைய பேக்கப்பை எடுத்து முடித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

காலையில் ஒரே ஒரு பேக்கப் மீதி இருந்தது. ஆடிட்டர் கேட்ட பிப்ரவரி கடைசி நாள் நிலவரம் அழிந்தவற்றில்தான் இருந்தது. பதினொரு பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து, அச்சிட்டு வைத்திருந்த லெட்ஜர் தாள்களைப் பார்த்துத் திரும்பத் தட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கு அந்த வாரம் வீட்டில் விசேஷம். போகவில்லை.

விசாரணை வைத்தார்கள். மேனுவலை மேஜைமேல் வைத்து என்னைக் கேட்டார்கள், "இதுல சரியாத்தானே போட்டிருக்கு?" என்று. அந்த வாக்கியத்தை அப்போதுதான் நான் முதல்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். படித்தவுடன் புரிந்துவிட்டது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது, "தெளிவாத்தான் சார் இருக்கு. கேட்டிருக்கணும்." பையன் எதிரே நின்றுகொண்டிருந்தான். மெமோ அவனுக்குப் போயிற்று, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வருஷம் அவன் வேலையை விட்டுவிட்டான்.

ஆகவே, பதினேழு கேள்வி எதற்கு என்று கேட்டால், அதில் முதல் கேள்விக்கு இருபது வருஷத்துக்கு மேல் வயசாகிறது.

அந்த விளக்கம் எப்படி இருந்திருக்க வேண்டும்? "பழைய பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பது. அந்த நாளைத் தாண்டியவை இரவு வேலை முடிந்ததும் அழிக்கப்படும், திரும்பக் கிடைக்காது. எழுதாமல் விட்டால் 45 நாள். 0 என்று போட்டால் கடைசி பேக்கப் தவிர எல்லாம் அழிந்துவிடும்." நான்கு வாக்கியம். நான் பார்ப்பது மூன்றே விஷயம்: ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும், சொன்னால் எது மாறும், மாறினால் எது திரும்ப வராது.

இதை எழுதும்போதே உங்களில் சிலருக்கு உறுத்தியிருக்கும். அழிக்கவே வேண்டாம் என்றால் என்ன போடுவது? அதற்கு அந்தக் கருவியில் வழியே இல்லை! விளக்கத்தை ஒழுங்காக எழுதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே அது தெரிந்திருக்கும். "நெவர்" என்று ஒரு மதிப்பைச் சேர்த்திருப்போம், 0 என்று போட்டால் வேலை செய்ய மறுத்துவிடும்படி வைத்திருப்போம். வார்த்தை சரிபார்ப்பது என்பது வெறும் வார்த்தை சரிபார்ப்பது அல்ல. தெளிவாக எழுத வரவில்லை என்றால், பல சமயம் அந்த ஆப்ஷனே கோணல் என்று அர்த்தம்.

இதற்கும் உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. கர்ல் என்ற கருவியின் அடியில் இருக்கிற நூலகத்தில், எதிரே இருக்கிற சர்வர் உண்மையிலேயே நாம் கேட்ட சர்வர்தானா என்று பார்க்க ஒரு ஆப்ஷன். 0 என்றால் பார்க்காதே. 2 என்றால் பெயரை ஒப்பிட்டுப் பார். நடுவில் 1 என்றும் ஒன்று இருந்தது: சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார், அது சரியான பெயர்தானா என்று பார்க்காதே. மேனுவலில் எல்லாம் எழுதியே இருந்தது. ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் அதை ஆமாம் அல்லது இல்லை என்கிற கேள்வியாக எடுத்துக்கொண்டு "ஆமாம்" என்று போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ஆமாம் என்றால் 1. பாதுகாப்பைப் போட்டதாக நினைத்தார்கள், பாதுகாப்பு போய்விட்டது. 2012இல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் வந்த பதிப்பில், 1 என்று கொடுத்தால் பிழை என்று திருப்பிவிடும்படி மாற்றினார்கள். படிக்காதது அவன் தப்பு என்று கை கழுவிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

இன்னும் மூன்று வாதம் வரும் என்று தெரியும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

"சந்தேகம் இருந்தால் சோர்ஸ் கோடைப் படித்துக்கொள்ளட்டும்." கோடு சொல்வது இன்றைக்கு என்ன நடக்கிறது என்பதை. அது வேண்டுமென்றே அப்படி வைத்ததா, தவறிப்போய் அப்படி ஆனதா என்று கோடு சொல்லாது. எங்கள் கீப் டேஸ் கோடைப் படித்திருந்தால், 0 போட்டால் எல்லாம் அழியும் என்று தெரிந்திருக்கும். அதை எழுதியவர் அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று தெரிந்திருக்காது. பிறகு நான் கேட்டேன், அவருக்கே நினைவில்லை. தவிர, இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனை ஆயிரம் வரி கோடைப் படி என்று சொல்வது அறிவுரை இல்லை, தட்டிக்கழிப்பு.

"நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்." நான் நீளம் கேட்கவே இல்லை. பதினேழு திருத்தத்தில் ஆறு, வாக்கியத்தை வெட்டியவை. "இந்த ஆப்ஷன் பயனருக்குப் பல்வேறு வகையில் நெகிழ்வுத் தன்மையை அளிக்கிறது" என்பது போன்ற வாக்கியம் யாருக்கு வேண்டும்? அதை எடுத்துவிட்டு, டிஃபால்ட் என்ன என்று இரண்டு வார்த்தை போடுங்கள். கணக்கு சரியாகிவிடும்.

"இப்போது மேனுவலை மெஷினே எழுதிவிடுகிறது தாத்தா." இதை அக்கா பேரனே சொன்னான். எழுதட்டும். அழகாகவும் எழுதுகிறது, கமா எல்லாம் சரியாக இருக்கிறது. நான் 2003இல் கையெழுத்துப் போட்ட வாக்கியத்திலும் கமா சரியாகத்தான் இருந்தது. வழவழவென்று போகிற வாக்கியத்தில்தான் கால் வழுக்கும். யார் எழுதினாலும், உண்மையிலேயே 0 போட்டுப் பார்த்து, என்ன ஆகிறது என்று கண்ணால் கண்டு, அதுதான் எழுதியிருக்கிறதா என்று ஒருவர் படித்தே ஆக வேண்டும். அந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரப்போவதில்லை.

யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. அதில் கட்டளைகளின் விளக்கத்துக்குக் கீழே "பக்ஸ்" என்று ஒரு தலைப்பு வைத்து, எங்கள் கருவியில் இன்னின்ன கோளாறு இருக்கிறது என்று அவர்களே எழுதினார்கள். எத்தனை பெரிய மேதைகள்! தங்கள் குறையைத் தாங்களே எழுதுவதில் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் தெரியவில்லை. இன்று ஒரு வார்த்தையைத் திருத்தச் சொன்னால் நமக்கு மூக்குக்கு மேல் வருகிறது.

பெங்களூர்த் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கருவி நல்ல கருவியாக இருக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தப்போகிற ஆளை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அவர் உங்கள் மேஜைக்கு வந்து சந்தேகம் கேட்க மாட்டார். அவர் கையில் இருக்கப்போவது நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியம். அதுதான் அவரோடு உட்கார்ந்திருக்கிற நீங்கள்.

அக்கா பேரன் நேற்று மறுபடி பேசினான். பதினேழில் பன்னிரண்டை ஏற்றுக்கொண்டார்களாம். மூன்றை மறுத்தார்கள், காரணம் சொன்னான், இரண்டில் அவர்கள் சொன்னதுதான் சரி. மீதி இரண்டில் விளக்கத்தைத் திருத்துவதற்குப் பதில் ஆப்ஷனையே மாற்றுகிறார்களாம். சிரித்தவர்தான் அதைச் செய்கிறாராம். சந்தோஷம்.

கடைசியாக ஒன்று. அன்றைய ஆபரேட்டருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தும் கிடைக்கவில்லை. எப்படியாவது சுற்றி வந்து இது அவர் கண்ணில் பட்டால்: தம்பி, நீங்கள் மேனுவலைப் படித்தீர்கள். நான்தான் படிக்கவில்லை. அது தெளிவாக இல்லை.